டங்ஸ்டன்: ஒரு சுவீடிஷ் தொகைச்சொல்லின் வரலாறு

ஆங்கில அகராதியில் 'டங்ஸ்டன்' என்னும் சொல்லைத் தேடிப் பார்ப்பவர், அஃது ஓர் உலோகத்தின் பெயரென்றும், சுவீடிஷ் மொழியில் 'துங்' என்பது கனத்தையும் 'ஸ்தேன்' என்பது கல்லையும் உணர்த்துமென்றும், ஆகவே 'கனத்த கல்' என்பதே அதன் பொருளென்றும் இரண்டொரு வரிகளில் எழுதியிருக்கக் காண்பர். பெரும்பாலோர் அவ்வளவில் மனநிறைவுற்று அகராதியை மூடிவிடுகின்றனர். அங்குக் கூறியது பொய்யன்று. ஆயினும் சற்றே நின்று நோக்குவார்க்கு இரண்டு ஐயங்கள் எழாமற் போகா. உலோகம் வேறு, கல் வேறு என்பதைச் சிறுபிள்ளையும் அறியும். அங்ஙனமிருக்க, ஓர் உலோகத்தைக் கல்லென்று பெயரிட்டழைத்தோர் யாவர்? இஃது ஓர் ஐயம். இனி, இச்சொல்லை ஈன்ற சுவீடன் நாட்டிலேயே இவ்வுலோகத்திற்கு இப்பெயர் வழக்கில் இல்லை. அந்நாட்டார் அதனை 'வோல்ஃப்ராம்' என்றே வழங்குகின்றனர். பெற்றவள் ஒரு பெயரால் அழைக்க, ஊரார் அவள் நாவில் எடுத்த மற்றொரு பெயரால் அழைப்பது எவ்வாறு நேர்ந்தது? இஃது இரண்டாவது ஐயம். இவ்விரண்டிற்கும் விடை கூறாத சொற்பிறப்பு, சொல்லைப் பிளந்து காட்டியதேயன்றி அதன் பிறப்பைக் காட்டியதாகாது என்பது நமது கருத்து. ஆதலின் முதலில் சொல்லின் உறுப்புக்களையும், பின்னர் அதன் வரலாற்றையும் முறையே ஆராய்வோம்.

சுவீடிஷ் மொழி, ஜெர்மன், ஆங்கிலம், டேனிஷ், ஐஸ்லாந்து மொழி ஆகியவற்றோடு ஒரு குடியிற் பிறந்தது. இரண்டு சொற்களை ஒன்றாக இணைத்து ஒரு சொல்லாக்கும் வழக்கம் இக்குடிக்குப் பொதுவாயினும், சுவீடிஷில் அது மிகுதி. 'துங் ஸ்தேன்' என்று இடைவெளி விட்டு எழுதி, இரு சொற்களுக்கும் தனித்தனியே அழுத்தம் கொடுத்துச் சொன்னால், யாதேனும் ஒரு கனமான கல் என்பதே பொருள். 'துங்ஸ்தேன்' என்று சேர்த்தெழுதி, முதலுறுப்பில் அழுத்தத்தை ஏற்றி ஒரே மூச்சில் சொன்னால், அஃது ஒரு குறித்த பொருளின் பெயர். முன்னதில் 'துங்' என்னும் அடைமொழி, தான் தழுவும் பெயரின் எண்ணிற்கும் நிலைக்கும் ஏற்பத் 'துங்கா' என ஈறு திரியும். பின்னதில் அது திரியாது உறைந்து நிற்கும்.

இவ்வேறுபாடு தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. 'கரிய கல்' என்பது வேறு. 'கருங்கல்' என்பது வேறு. கரிய நிறமுடைய எந்தக் கல்லையும் கரிய கல் எனலாம். கருங்கல்லோ, கருமை என்னும் பண்பு ஈறு கெட்டுக் கல்லோடு தொக்கு நின்ற பண்புத்தொகை. அது சாம்பல் நிறமாயிருப்பினும், செந்நிறப் புள்ளிகள் விரவியதாயிருப்பினும் கருங்கல்லேயாம். தொகையாக இறுகிய அளவிலேயே பண்பைக் கூறும் வேலை பின்னிற்க, பொருளைச் சுட்டும் வேலை முன்வந்துவிடுகிறது. சுவீடன் நாட்டுப் பள்ளிகளில் ஆசிரியர்கள் இவ்விடத்தில் மாணாக்கரை எச்சரிப்பதற்கு வழங்கும் உதாரணம் ஒன்றுண்டு. நோயாளிகளைப் பேணும் செவிலிக்கு அம்மொழியில் 'ஷூக்ஷோதெர்ஸ்கா' என்பது பெயர். நோய், பேணுபவள் என்னும் இரண்டு உறுப்புக்களால் ஆனது. அதனைப் பிரித்தெழுதிவிட்டால் 'நோயுற்ற செவிலி' என்றாகிவிடும். ஓர் இடைவெளியில் பேணுபவள் பிணியாளியாகிறாள்.

இனி உறுப்புக்களின் பிறப்பு. 'ஸ்தேன்' என்பதைப்பற்றி விரிவாகச் சொல்ல வேண்டுவதில்லை. ஆங்கிலத்து 'ஸ்டோன்', ஜெர்மனியத்து 'ஷ்டைன்' என்பன இதன் உடன்பிறந்தவை. பழைய 'ஐ' என்னும் கூட்டுயிர் சுவீடிஷில் நீண்ட ஏகாரமாகவும், ஆங்கிலத்தில் ஓகாரமாகவும் திரிந்து, ஜெர்மனில் நிலைத்து நின்றது. எலும்பை உணர்த்தும் ஆங்கிலப் 'போன்' சுவீடிஷில் 'பேன்'. இல்லத்தை உணர்த்தும் 'ஹோம்' சுவீடிஷில் 'ஹேம்', ஜெர்மனில் 'ஹைம்'. திரிபு ஒரு சொல்லில் மட்டும் நிகழாமல் ஓரினச் சொற்களிலெல்லாம் ஒரே வகையாக நிகழ்வதே உறவிற்குச் சான்று. அப்பழைய கூட்டுயிரைக் கண்ணாலும் காணலாம். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சுவீடன் நாட்டார், இறந்தோர் நினைவாக நம் நடுகற்களைப்போல நிறுத்திய எழுத்துக் கற்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை இன்றும் நிற்கின்றன. இன்னார் இன்னாருக்காக இக்கல்லை நிறுத்தினார் என்பதே அவற்றின் வழக்கமான வாசகம். அதில் 'ஸ்டைன்' என்றே ரூன் எழுத்துக்களில் கல்லின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. கல்லின் பழம்பெயருக்குக் கல்லே சாட்சி பகர்வது அரிதினும் அரிது.

'துங்' என்பது இவ்வளவு எளிதன்று. இதில் ஏமாறுதற்கும் இடமுண்டு. சுவீடிஷில் 'துங்கா' என்றொரு பெயர்ச்சொல் உள்ளது. நாக்கு என்பது அதன் பொருள். 'துங்', 'துங்கா' என்பவை ஒலியால் அண்டை வீட்டாராகவே தோன்றுகின்றன. முன்சொன்னவாறு கனமுடையது என்னும் அடைமொழியும் ஈறு திரிந்து 'துங்கா' என்றே வரும். ஒலியொப்புமை ஒன்றையே துணையாகக் கொண்டு, இக்கல்லை 'நாக்குக் கல்' என்று ஒருவர் பொருளுரைப்பின் அவரை மறுப்பது எங்ஙனம்?

உடன்பிறந்த மொழிகளை வினவுவதே வழி. நாக்கிற்கு ஆங்கிலத்தில் 'டங்', ஜெர்மனில் 'ட்சுங்கெ'. இவ்வாறே இரண்டு என்பது சுவீடிஷில் 'த்வோ', ஆங்கிலத்தில் 'டூ', ஜெர்மனில் 'ட்ஸ்வை'. பல் என்பது முறையே 'தந்த்', 'டூத்', 'ட்சான்'. இஃது ஓர் இனம். மற்றோர் இனத்தைக் காண்க. மூன்று என்பது சுவீடிஷில் 'த்ரே', ஆங்கிலத்தில் 'த்ரீ', ஜெர்மனில் 'ட்ரை'. மெல்லியது என்பது முறையே 'துன்', 'தின்', 'ட்யுன்'. நன்றி என்பது 'தக்', 'தாங்க்', 'டாங்க்'. இவ்வினத்தில் ஆங்கிலச் சொல்லின் முதலொலி நம் தகரமன்று. நுனிநா மேற்பல்லைத் தீண்டக் காற்று உரசி வெளிப்படும் ஒலி. அதனை உரசு தகரம் என்று இங்கே குறிப்போம். ஆங்கிலமும் ஐஸ்லாந்து மொழியும் உரசு தகரத்தையும் வெறுந்தகரத்தையும் இன்றுவரை வேறு பிரித்து வழங்குகின்றன. சுவீடிஷோ இடைக்காலத்தின் இறுதியில் உரசலை இழந்து, இரண்டையும் ஒரே தகரமாக்கிவிட்டது. நீ, அது முதலிய அழுத்தமற்ற சிறுசொற்களில் அவ்வொலி வேறுவிதமாகத் திரிந்து மெலிந்த ஒலியாயிற்று என்பது உண்மையே. அது தனிக் கதை.

இப்பொழுது ஐஸ்லாந்து மொழியைக் கேட்போம். அங்கே நாக்கின் பெயர் வெறுந்தகரத்தில் தொடங்குகிறது. கனமுடையது என்னும் பொருளுள்ள 'துங்குர்' என்னும் சொல்லோ உரசு தகரத்தில் தொடங்குகிறது. பழைய நார்ஸ் மொழியின் ஏடுகளிலும், பழஞ்சுவீடிஷ் ஏடுகளிலும் இவ்விரண்டு சொற்களும் வெவ்வேறு எழுத்துக்களாலேயே எழுதப்பட்டுள்ளன. ஆகவே 'துங்', 'துங்கா' என்பவை ஒரு வீட்டில் பிறந்தவையல்ல. இருவேறு வீட்டிலிருந்து வந்து, ஒரே உடையை உடுத்து நிற்பவை. நாக்குக் கல் என்னும் பொருள் இவ்வளவில் ஒழிந்தது.

ஈண்டு ஓர் இடைப்பிறவரல். சுவீடிஷ் 'தந்த்' என்பதைக் கண்டவுடன் வடமொழித் 'தந்தம்' நம்மில் பலர்க்கு நினைவு வந்திருக்கும். அவ்வுறவு மெய்யான உறவே. வடமொழியின் மெலிந்த தகரம் ஜெர்மானியக் குடியில் வலிந்த தகரமாவது விதி. வடமொழியில் இரண்டைக் குறிக்கும் 'த்வி' சுவீடிஷில் 'த்வோ' ஆனதும் அவ்விதியாலேயே. வடமொழித் 'த்ரி' என்பதோ வலிந்த தகரத்தில் தொடங்கி, ஜெர்மானியக் குடியில் உரசு தகரமாகி, சுவீடிஷில் மீண்டும் வலிந்த தகரமாகி, புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வந்துவிட்டது. இவற்றைக் கண்டு உற்சாகமுற்று, கனத்தை உணர்த்தும் 'துங்' என்பதையும் நமது 'தூக்கு', 'தூங்கு' என்னும் சொற்களோடு முடிச்சுப்போட விரும்புவாரும் உளர். நிறுத்தற்குத் தூக்குதல் என்பதும், கனத்தாற் பொருள் தூங்கித் தொங்குதல் என்பதும் அவர்க்குத் துணையாக வந்து நிற்கும். ஆயினும் 'தந்தம்' என்பதற்கு வாய்த்தது போன்ற ஒலிவிதியும், அவ்விதியால் இணைந்த ஓரினச் சொற்களும் இங்கே இல்லை. ஒரே ஒரு சொல் ஒத்திருப்பது தற்செயல். ஓரினம் முழுதும் ஒருவகையால் வேறுபட்டிருப்பதே உறவு. ஒற்றுமையைக் காட்டிலும் ஒழுங்கான வேற்றுமையே சொல்லாராய்ச்சிக்கு உறுதியான பற்றுக்கோடாகும்.

உறுப்புக்கள் தெளிந்தன. இனி அவை தொக்க இடத்தையும் காலத்தையும் காண்போம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் சுவீடன், இரும்புக்கும் செம்புக்கும் பேர்போன சுரங்க நாடாயிருந்தது. அந்நாட்டுச் சுரங்க நூல் வல்லாருள் தலைமை சான்றவர் ஆக்ஸெல் பிரெடெரிக் குரோன்ஸ்டெட் (1722-1765). நிக்கல் என்னும் உலோகத்தை 1751-ஆம் ஆண்டில் கண்டறிந்தவரும் இவரே. தம் நாட்டு இரும்புச் சுரங்கங்களில் இரும்போடு கலந்து கிடைத்த சில கற்கள், தோற்றத்திற்குப் பொருந்தாத கனமுடையனவாய் இருக்கக் கண்டு, அவற்றை அவர் 'துங்ஸ்தேன்' என்று குறித்தார். அவற்றுள் ஒன்று தாலர்னா நாட்டுப் பிஸ்ப்பெரி என்னுமிடத்தது, வெளிறிய நிறமுடையது. மற்றொன்று வெஸ்ட்மன்லாந்து நாட்டு பாஸ்ட்னேஸ் சுரங்கத்தது, செந்நிறம் வாய்ந்தது. இவ்விரண்டும் ஒரே பொருளல்ல என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆகவே முதன்முதலில் 'துங்ஸ்தேன்' என்பது ஒரு தனிப்பொருளின் பெயர்கூட அன்று. கையிலெடுத்தவர் தோளில் உணர்ந்த வியப்பின் பெயர் என்றே சொல்லவேண்டும்.

அவ்வியப்பிற்குக் காரணமும் உண்டு. ஈயம் கலந்த கலீனாக் கல் நீரைவிட ஏழரை மடங்கு கனமானது. எனினும் அதனை எவரும் கனத்த கல் என்று தனிப்பெயரிட்டு அழைக்கவில்லை. அது பார்வைக்கே உலோகம்போல் பளபளப்பதால், எடுக்கும் கை முன்னரே ஆயத்தமாகிவிடுகிறது. பிஸ்ப்பெரிக் கல்லோ சுண்ணக்கல்லையும் வெண்பளிங்கையும் போன்று மங்கலாய் வெளிறியிருக்கும். அவை நீரைவிட இரண்டேமுக்கால் மடங்குக்கு மேற்படா; இதுவோ ஏறத்தாழ ஆறு மடங்கு. கண் சொன்னதைக் கை மறுக்கிறது. அம்மறுப்பே பெயராயிற்று. இவ்வகைப் பெயரீடு சுவீடன் சுரங்கத்தார்க்கு வழக்கமே. பாரைட்டு என்னும் மற்றொரு வெளிறிய கனத்த கல்லை அவர்கள் 'துங்ஸ்பாத்' என்றனர். 'ஸ்பாத்' என்பது தகடுதகடாய்ப் பிளவுபடும் கல்வகைக்குப் பொதுப்பெயர்.

குரோன்ஸ்டெட் தம் பெயரை வெளியிடாமல் 1758-இல் பதிப்பித்த கனிப்பொருள் நூல் பிறநாட்டாராலும் விரும்பிக் கற்கப்பட்டது. 1770-இல் லண்டனில் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. அதன் வாயிலாகவே இச்சொல் ஆங்கிலத்துட் புகுந்தது. புகுந்த காலத்தில் ஆங்கிலத்திலும் அது கல்லின் பெயரே என்பதை மறத்தலாகாது.

பின்னர் 1781-ஆம் ஆண்டு. கார்ல் வில்ஹெல்ம் ஷேலெ என்பவர் ஷோப்பிங் என்னும் சிற்றூரில் மருந்துக்கடை நடத்தி வந்தார். பிராணவாயுவைக் கண்டறிந்தவர்களுள் ஒருவர் என நம் மாணவர் அவரை அறிவர். துங்ஸ்தேன் கல்லின் கூறுகள் யாவை என்று ஆராய்ந்து, அதில் சுண்ணாம்பும், அதனோடு அதுகாறும் எவரும் அறியாத ஓர் அமிலப்பொருளும் அடங்கியுள்ளன எனக் கண்டு, சுவீடன் அரச அறிவியற் கழகத்தின் வெளியீட்டில் எழுதினார். அவருடைய நண்பரும், உப்சாலாப் பல்கலைக்கழகப் பேராசிரியருமான தோர்பேர்ன் பெரிமன், இவ்வமிலப்பொருளில் புதிய உலோகம் ஒன்று மறைந்திருத்தல் வேண்டும் எனக் கருதினார். அவ்வாண்டுகளிலேயே, பாஸ்ட்னேஸ் சுரங்கத்திற்கு உரிய குடும்பத்திற் பிறந்த வில்ஹெல்ம் ஹிஸிங்கர் என்னும் பதினைந்து வயதுச் சிறுவர், தம் ஊர்ச் செந்நிறத் துங்ஸ்தேனை ஷேலெக்கு அனுப்பிவைத்தார். ஷேலெ அதனைச் சோதித்து, தாம் கண்ட அமிலப்பொருள் அதில் இல்லையென்று கூறிவிட்டார். அச்சிறுவர் அதனை விடவில்லை. இருபதாண்டுகளுக்கும் மேலாகியபின், 1803-இல், பெர்ஸீலியுஸ் என்பவரோடு கூடி அதே கல்லில் சீரியம் என்னும் வேறொரு தனிமத்தைக் கண்டறிந்தார். ஒரு பெயர் இரண்டு கற்களைப் போர்த்தி மூடியிருந்தமையும், அப்போர்வை நீங்க அரை நூற்றாண்டு சென்றமையும் பெயரிடுவோர் எண்ணிப் பார்க்கத்தக்கவை.

உலோகத்தைக் கண்ணாற் காணும் பேறு சுவீடன் நாட்டார்க்கு வாய்க்கவில்லை. ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த ஹுவான் ஹோஸே, ஃபௌஸ்தோ என்னும் எலுயார் சகோதரர்கள் 1783-இல் பெர்காரா என்னும் பாஸ்க் நாட்டு ஊரில் அதனைப் பிரித்தெடுத்தனர். அவருள் மூத்தவராகிய ஹுவான் ஹோஸே, உப்சாலாவிற்குச் சென்று பெரிமனிடம் பாடங்கேட்டவர். அவர்கள் எடுத்துக்கொண்டது துங்ஸ்தேன் கல்லையன்று; 'வோல்ஃப்ராம்' என்று ஜெர்மானியச் சுரங்கத்தார் வழங்கிய கரிய கல்லை. அதிலிருந்து கிடைத்த மஞ்சள் நிறப்பொடி ஷேலெயின் அமிலப்பொருளே எனக் கண்டு, அதனை மரக்கரியோடு சேர்த்துக் கடுந்தீயில் வைத்து உலோகத்தைப் பெற்றனர். எடுத்த கல்லின் பெயராலேயே உலோகத்தையும் அழைத்தனர்.

அப்பெயரின் வரலாறும் சுவையுடையதே. வெள்ளீயத்தை உருக்கும்போது இக்கரிய கல் உடன் கலந்திருப்பின், ஈயம் குறைந்து கசடு மிகும். ஓநாய் ஆட்டை விழுங்குவதுபோல் இது வெள்ளீயத்தை விழுங்குகிறது என்று சுரங்கத்தார் நினைத்தனர். 'வொல்ஃப்' என்பது ஓநாய். 'ராம்' என்பதைச் சிலர் நுரையென்றும், சிலர் புகைக்கரி அல்லது அழுக்கென்றும் பொருள் கொள்வர். கியோர்க் அக்ரிகோலா 1546-லேயே இலத்தீனில் 'ஓநாயின் நுரை' என்னும் பெயரைக் குறித்துள்ளார். சுவீடன் கல்லின் பெயர் கையின் அனுபவத்தைக் கூறுகிறது. ஜெர்மானியக் கல்லின் பெயர் உருக்குலைக்காரனின் சினத்தைக் கூறுகிறது. இரண்டிலும் உலோகத்தைப்பற்றிய செய்தி ஒன்றுமில்லை. பெயரிட்ட காலத்தில் அவ்வுலோகத்தை அறிந்தார் ஒருவருமிலர்.

இவ்வாறு ஒரே உலோகத்திற்கு இரு கற்களின் வழியே இரு பெயர்கள் ஏற்பட்டன. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இத்தாலியரும், கல்லின் பெயரைக் கல்லினின்று கிடைக்கும் உலோகத்திற்கு ஏற்றி 'டங்ஸ்டன்' வகையைக் கைக்கொண்டனர். இதனை நம் இலக்கணத்தார் ஆகுபெயர் என்பர். ஜெர்மானியரும் டேனியரும் நார்வேயரும் சுவீடன் நாட்டாரும் 'வோல்ஃப்ராம்' வகையைக் கைக்கொண்டனர். அதுபற்றியே இன்றும் தனிமங்களின் அட்டவணையில் ஆங்கிலப் பெயர் டங்ஸ்டன் என்றும், குறியீடு 'டபிள்யூ' என்றும் பொருந்தாமல் நிற்கின்றன. கல்லோ தன் பெயரை உலோகத்திற்குக் கொடுத்துவிட்டுப் பெயரின்றி நின்றது. 1821-ஆம் ஆண்டில் லேயோன்ஹார்ட் என்னும் ஜெர்மானியர், அதன் கூறுகளை ஆராய்ந்த ஷேலெயின் நினைவாக அதற்கு 'ஷீலைட்டு' என்று பெயர் வைத்தார். கல்லின் பெயர் உலோகத்திற்கும், மனிதரின் பெயர் கல்லுக்கும் போயின.

சுவீடன் நாட்டார் தம் சொல்லைத் தாமே கொள்ளாது விட்டது ஏன் என்பதே எஞ்சிய வினா. நாம் கருதும் காரணம் இது. ஆங்கிலேயரின் செவியில் 'டங்ஸ்டன்' என்பது வெறும் ஒலி. அதனுள் 'ஸ்டோன்' ஒளிந்திருப்பதை அவர் உணரார். உறுப்புக்கள் உயிரிழந்த சொல்லை எப்பொருளின்மீதும் ஏற்றலாம். சுவீடிஷ் பேசுவார் செவியிலோ 'துங்', 'ஸ்தேன்' என்னும் இரண்டும் நாள்தோறும் பயிலும் சொற்கள். உருக்குலையிலிருந்து எடுத்த உலோகத்தை அவர் 'கனத்த கல்' என்று கூறின், தம் பேச்சைத் தாமே மறுப்பது போலாகும். கருங்கல்லிலிருந்து ஓர் உலோகத்தை நாம் பிரித்தெடுத்து, அதற்குக் 'கருங்கல்' என்றே பெயரிடத் துணிவோமா என்று எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். மொழிக்குள் தொகையின் பொருள் விழித்திருக்கும். மொழியின் எல்லையைக் கடந்ததும் அது உறங்கிவிடும். உறங்கிய பின்னரே ஆகுபெயராய் அலைய அதற்கு உரிமை உண்டாயிற்று. ஜெர்மானியர்க்கும் 'வொல்ஃப்' என்பது வாழுஞ்சொல்லாயிற்றே எனின், ஓநாயின் அழுக்கு என்பது தொடக்கத்திலேயே வசைப்பெயர். வசைப்பெயர் மெய்யாயிருக்க வேண்டுமென்று எவரும் எதிர்பாரார்.

சொல்லின் பிறப்பை அறிந்தால் பொருளின் இயல்பும் புலப்படும் என்று சொல்வாருண்டு. டங்ஸ்டன் உலோகம் நீரைவிட 19.3 மடங்கு கனமானது, பொன்னுக்கு நிகர். 'பார்த்தீர்களா, பெயர் எவ்வளவு பொருத்தம்!' என்று அவர்கள் இதனைக் காட்டக்கூடும். பொருத்தம் தற்செயலேயாம். முன்னர்க் கூறிய துங்ஸ்பாத் என்னும் பாரைட்டுக் கல்லை நோக்குக. அதன் பெயரும் கனத்தை உணர்த்தும் கிரேக்கச் சொல்லிற் பிறந்ததே. அதிலிருந்து கிடைத்த உலோகத்திற்கும் அதுபற்றிப் பேரியம் என்று பெயர் வந்தது. கல் நீரைவிட நாலரை மடங்கு கனம்; பேரியமோ மூன்றரை மடங்கே. 'கனமானது' என்று பெயர்பெற்ற உலோகம், தன்னைப் பெற்ற கல்லைவிட இலேசானது. கல்லுக்கு மெய்யான பெயர் உலோகத்திற்கு ஒருவழி மெய்யாய், ஒருவழி பொய்யாய் முடிவதை இவ்விரண்டும் காட்டுகின்றன. சொற்பிறப்பு, பெயரிட்டவர் எதைக் கண்டார் என்பதற்குச் சான்றாகுமேயன்றி, பெயர் பெற்றது எத்தகையது என்பதற்குச் சான்றாகாது.

தமிழில் இச்சொல் இரண்டு உருவங்களில் உலவுகின்றது. தமிழ்நாட்டில் ஆங்கில ஒலியைத் தழுவி 'டங்ஸ்டன்' என்பர். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் 'தங்குதன்' என்னும் உருவம் பயில்கிறது. இஃது எழுத்திலக்கணத்திற்கு இசைந்து அழகாக அமைந்துள்ளது; அத்துடன் முதலெழுத்து சுவீடிஷின் பல்லொலித் தகரத்திற்கு ஆங்கில உருவத்தைவிட அணுக்கமாகவும் உள்ளது. ஆயினும் வருங்காலத்தார் எவரேனும் இதனைத் 'தங்கு' என்னும் பகுதியினடியாகப் பிறந்ததென்று உரை எழுதாதிருக்க வேண்டும். பகுதி, விகுதி பிரிக்கத் தெரிந்தவர்களுக்கு இத்தகைய சொற்கள் பெரிய சோதனை. 2024-ஆம் ஆண்டு நவம்பரில் மதுரை மாவட்டத்து மேலூர்ப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்திற்காக ஏலம் முடிவாகி, அரிட்டாபட்டி முதலிய ஊரார் அதனை எதிர்த்து எழுந்தபோது, அதுவரை பாடநூலிலும் மின்விளக்கிலும் அடங்கிக் கிடந்த இச்சொல் பட்டிதொட்டியெங்கும் பரவியது. 2025 ஜனவரி 23-ஆம் நாள் மத்திய அரசு அவ்வேலத்தை நீக்கம் செய்தது. அவ்வூரார் வாயில் 'டங்ஸ்டன்' என்பது கல்லையும் குறிக்கவில்லை, உலோகத்தையும் குறிக்கவில்லை. தம் நிலத்தைத் தோண்ட வரும் சுரங்கத்தையே குறித்தது. கல்லிலிருந்து உலோகத்திற்கு நகர்ந்த சொல், ஆகுபெயராய் மேலும் ஓரடி நகர்ந்தது எனலாம்.

சொல்லின் வரலாற்றில் இன்னும் ஒரு திருப்பம் உண்டு. 3,422 பாகை வெப்பம்வரை உருகாத இவ்வுலோகத்தை மின்விளக்கின் இழைக்குப் பயன்படுத்தும் வழி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹங்கேரி நாட்டில் காப்புரிமை பெற்றது. அந்நாட்டு விளக்குத் தொழிற்சாலை ஒன்று தன் விளக்குகளுக்கு 1909-இல் 'டங்ஸ்ராம்' என்னும் வணிகப்பெயரைப் பதிவு செய்துகொண்டது. 'டங்ஸ்டன்' என்பதன் தலையையும் 'வோல்ஃப்ராம்' என்பதன் வாலையும் ஒட்டிய பெயர் அது. இரண்டும் ஒரே உலோகத்தின் பெயர்களாதலால், எந்த நாட்டு வணிகரும் தமக்குத் தெரிந்த பாதியை அதில் கண்டுகொண்டனர். 2005-ஆம் ஆண்டில் உலக வேதியியற் சங்கம் வெளியிட்ட பெயரீட்டு நூலில் 'வோல்ஃப்ராம்' விடப்பட்டு 'டங்ஸ்டன்' ஒன்றே இடம்பெற்றபோது, ஸ்பெயின் நாட்டு வேதியியலார், கண்டுபிடித்தவர் இட்ட பெயரை நீக்குதல் முறையன்று என்று எதிர்த்தெழுதினர். சுவீடன் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளோ இன்றும் 'வோல்ஃப்ராம்' என்றே படிக்கின்றனர்.